ஒற்றை நம்பரும் இரட்டை நம்பரும்: ஒரு மேக்ரோவால நாங்க பட்ட பாடு

கார்ட் மெஷினுக்கு சொஃப்ட்வெயார் எழுதுற டீம் ஒண்டில நான் கன வருஷமா இருக்கிறன், வேலை முழுக்க சி லாங்குவேஜ்தான். கடையில கார்டைச் செருகினா பாங்க்கோட கதைச்சு பில் துண்டு அடிக்குமே, அந்தப் பெட்டிக்குள்ள ஓடுற ப்ரோக்ராம். எங்களிட்ட நாலு கஸ்டமருக்கு நாலு அப் இருக்கு, நாலுக்கும் அடியில பொதுவா ஒரே ஒரு லைப்ரரி, பாங்க்குக்கு அனுப்புற மெசேஜைக் கட்டுறதும் வாற பதிலைப் பிரிக்கிறதும் அதின்ட வேலை. அந்த லைப்ரரின்ட ஹெடர் ஃபைலுகளுக்குள்ள, அதாவது அப் எழுதுறவை தங்கட கோடுக்குள்ள இழுத்துக்கொள்ளுற ஃபைலுகளுக்குள்ள, ஒரு காலத்தில இருநூறுக்குக் கிட்ட மேக்ரோ இருந்தது, இப்ப நாப்பது கூட வராது. மேக்ரோ எண்டா ஒரு சுருக்குப் பேர், கொம்பைல் ஆக முதல், அதாவது கோட் மெஷின் ஓட்டுற வடிவத்துக்கு மாற முதல், அந்தப் பேர் இருக்கிற இடத்திலயெல்லாம் அதுக்குரிய கோட் போய் ஒட்டுப்படும். எதைத் தூக்கினம், எதை வச்சிருக்கிறம், ஏன் எண்டதை ஒருக்கா வடிவா எழுதி வைக்கோணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டு இருந்தன், புதுசா டீமுக்கு வாற பிள்ளையள் ஒவ்வொருத்தரும் இதே கேள்வியத்தான் கேக்கினம்.

2022 மார்ச் கடைசியில தொடங்கினது. அந்த நாளுகளை கொழும்பில இருந்த ஒருத்தரும் மறக்க மாட்டினம், ஒரு கட்டத்தில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோல் லைன் காலி வீதியால வளைஞ்சு உள் ஒழுங்கைகளுக்குள்ளயும் போகும், நான் வெள்ளவத்தையில இருந்து ராஜகிரியவுக்கு பஸ் மாறி மாறி ஒபிஸ் போய்ச் சேர்ந்தா அங்கயும் யூபிஎஸ் கத்திக்கொண்டு இருக்கும். அந்த நேரம்தான் எங்கட கஸ்டமர் ஒருத்தரிட்ட இருந்து முறைப்பாடு வரத் தொடங்கினது. கடையில கார்ட் போட்டவை, கரண்ட் போச்சு, மெஷின் ஃபெயில் எண்டு சொல்லிச்சு, காசாக் குடுத்திட்டுப் போட்டினம், ஆனா கார்ட்லயும் காசு வெட்டுப்பட்டிருக்கு, திரும்பி வரேல்லை. ஒரு சாறிக் கடையில ஒரே கிழமைக்குள்ள பல பேருக்கு இப்பிடி. அந்த நேரம் ஒவ்வொரு ரூபாயும் சனத்துக்கு எவ்வளவு பெரிசு எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இதில நடக்க வேண்டியது என்னெண்டா, மெஷின் 0200 எண்ட மெசேஜை அனுப்பும், பாங்க் காசை வெட்டி 0210 எண்டு பதில் தரும். நடுவில ரௌட்டர் செத்து பதில் வராமப் போனா மெஷினுக்கு காசு வெட்டுப்பட்டதோ இல்லையோ தெரியாது, அதால லைன் திரும்ப வந்த உடனே 0400 எண்டு ஒரு ரிவேர்சல் அனுப்போணும், "முதல் கேட்டதை ரத்து செய்" எண்டு அர்த்தம். ஐஎஸ்ஓ 8583 எண்ட ஸ்டாண்டர்ட் இது, கார்ட் உலகத்தில பெரும்பாலும் இதின்ட ஏதோ ஒரு வடிவம்தான் ஓடுது. எந்த ட்ரான்ஸாக்ஷனை ரத்து செய்யிறது எண்டு பாங்க் கண்டுபிடிக்கிறதுக்கு 11ம் ஃபீல்ட் முக்கியம், ஸ்டேன் எண்டு சொல்லுவம், 6 இலக்க ட்ரேஸ் நம்பர், அதோட 41ம் ஃபீல்ட்ல இருக்கிற மெஷின்ட அடையாள நம்பர். ரெண்டும் பழைய மெசேஜோட பொருந்தினாத்தான் காசு திரும்பிப் போகும்.

எங்கட மெஷினுகள் ரிவேர்சல் அனுப்பித்தான் இருக்கு, லொக்ல வடிவாத் தெரியுது. பாங்க் பக்கம் இருந்து வாற பதில் 25, அப்பிடி ஒரு ரெக்கோர்டே இல்லை எண்டு அர்த்தம். நாங்க பாங்க்கைக் குறை சொன்னம், அவை எங்களைக் குறை சொல்லிச்சினம், ரெண்டு மூண்டு நாள் அதிலயே போச்சு. எங்கட டெஸ்ட் ரூமில கேபிளைப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தம், ஒவ்வொரு தடவையும் ரிவேர்சல் சரியாப் போகுது.

பிறகு பாங்க்கில இருந்து ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது, அவையளுக்கு வந்து சேர்ந்த ஸ்டேன் நம்பர் எல்லாம் அதில. எங்கட பக்கம் மெஷின்ட ஜேர்னல்ல, அதாவது ட்ரான்ஸாக்ஷன் பதிவேட்டில, சேமிச்ச நம்பருகளையும் எடுத்து ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சம், கரண்ட் இல்லை, லாப்டொப் பற்றரியில மிஞ்சினது கொஞ்சம்தான். டீம்ல அப்ப சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகாத ஒரு தங்கச்சி தோளுக்குப் பின்னால நிண்டு பாத்திட்டு, "அக்கா, அவையின்ட எல்லாம் ஒற்றை நம்பர், எங்கட எல்லாம் இரட்டை நம்பர்" எண்டு சொன்னாள். அவையளிட்ட 4101, 4103, 4105. எங்களிட்ட 4102, 4104, 4106. எனக்கு அந்த நிமிஷமே வயித்தைப் பிசைஞ்சது, ஏனெண்டா ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனுக்கும் ஸ்டேன் ரெண்டு தரம் ஏறுது எண்டா அதுக்கு சி ல பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான்.

அப் கோட்ல இருந்த வரி இது, பேருகளைத் தமிழ்ல மாத்தி எழுதுறன்:

புட்_நம்(மெசேஜ், 11, ட்ரான்ஸ்->ஸ்டேன் = அடுத்த_ஸ்டேன்());

பாத்தா ஒரு குறையும் இல்லை. அடுத்த நம்பரை எடுத்து, ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள சேமிச்சு, அதையே மெசேஜிலயும் போடுது. புட்_நம் ஒரு ஃபங்ஷனா, அதாவது குடுக்கிற பெறுமதியை ஒரு தரம் கணக்கிட்டு வாங்கிக்கொண்டு ஓடுற தனிக் கோட் துண்டா, இருந்திருந்தா இது நூறு வீதம் சரியான சி. ஆனா அது மேக்ரோ. உள்ளுக்க ரெண்டு வரி, முதல் வரி மூண்டாவது ஆர்கியுமென்டை (அடைப்புக்குள்ள குடுக்கிறதில மூண்டாவதை) மெசேஜுக்குள்ள போடுது, ரெண்டாவது வரி அதே ஆர்கியுமென்டை லொக்ல எழுதுது. மேக்ரோவை விரிக்கிற ப்ரீப்ரொசெசர் அர்த்தம் பாக்காது, எழுத்தை எழுத்தா எடுத்து ஒட்டும், அதால "ட்ரான்ஸ்->ஸ்டேன் = அடுத்த_ஸ்டேன்()" எண்ட முழு வாக்கியமும் ரெண்டு இடத்திலயும் போய் ஒட்டுப்பட்டு ரெண்டு தரம் ஓடுது. மெசேஜில 4101 போகுது, பிறகு லொக் வரி ஓடேக்க அடுத்த நம்பர் எடுபட்டு ஜேர்னலுக்கு 4102 போகுது. வந்த பதிலை ஒப்பிடுறது அனுப்பின மெசேஜ் பஃபரோட, அதால சாதாரண விற்பனை ஒண்டிலயும் இது தெரியாது. ஜேர்னல்ல இருந்து நம்பரை எடுக்கிறது ரிவேர்சல் மட்டும்தான்.

டெஸ்ட் ரூமில ஏன் வரேல்லை எண்டா, லொக் வரி ஒரு கொம்பைல் ஃப்ளாக்குக்குப் பின்னால, கொம்பைல் பண்ணேக்க போடுற ஒரு சுவிட்சுக்குப் பின்னால, இருந்தது. அந்த ஒரு கஸ்டமருக்கு மட்டும் வேற ஒரு பிரச்சினையைத் தேடுறதுக்காக லொக்கைப் போட்டு பில்ட் பண்ணிக் குடுத்திருந்தம், மற்ற எல்லாருக்கும் அது ஓஃப். கரண்ட் ஒழுங்கா இருந்த காலத்தில ரிவேர்சல் எண்டது எப்பவாவது ஒண்டு, அதால மாசக் கணக்கா ஒருத்தருக்கும் தெரியாம இருந்திருக்கு, மின்வெட்டுத்தான் அதை வெளியில கொண்டு வந்தது.

இதில அப் எழுதினவரை நான் ஒரு நாளும் குறை சொல்லேல்லை. பேர் முழுக்க சின்ன எழுத்தில, கூப்பிடுற மாதிரி ஃபங்ஷன் மாதிரியே, ஹெடரைத் திறந்து பாக்காத ஒருத்தருக்கு அது மேக்ரோ எண்டு தெரிய வழியே இல்லை. மேக்ரோவுக்கு முழுக்கப் பெரிய எழுத்தில பேர் வைக்கிற வழக்கம் அழகுக்காக வந்ததில்லை, "இதுக்குள்ள ப்ளஸ் ப்ளஸ்ஸோ அசைன்மென்டோ போட முதல் யோசி" எண்டு அடுத்தவருக்குக் காட்டுற சிவப்புக் கொடி அது, அந்தக் கொடியை நாங்க நடேல்லை.

சரி, பிழை பிடிபட்டது, லைப்ரரியில மேக்ரோவைத் திருத்தினம், ஆர்கியுமென்டை ஒரு தரம் உள் வேரியபிளுக்கு எடுத்துப் பிறகு ரெண்டு இடத்திலயும் அந்த வேரியபிள். புது லைப்ரரி ஃபைலை மட்டும் டெஸ்ட் மெஷினுக்கு அனுப்பினம், எங்கட மெஷின்ல அப் வேற ஃபைல், லைப்ரரி வேற ஃபைல், லைப்ரரியை மட்டும் மாத்தலாம் எண்டதுக்காகத்தான் அப்பிடிப் பிரிச்சே வச்சிருந்தது. ஒண்டும் மாறேல்லை. அதே ஒற்றை, அதே இரட்டை. ஒரு அரை மணித்தியாலம் நான் ஃபைல் சரியாப் போகேல்லையோ எண்டுதான் தேடினன். பிறகுதான் உறைச்சது, மேக்ரோ லைப்ரரிக்குள்ள இல்லை. அது அப் கொம்பைல் ஆகின அண்டைக்கே அப்புக்குள்ள கொப்பியாகிப் போட்டுது. ஹெடர் எங்கட, ஆனா அந்தக் கோட் இருக்கிறது அப்பின்ட பைனரிக்குள்ள, அதாவது கொம்பைல் ஆகி முடிஞ்ச ஃபைலுக்குள்ள, நாங்க இங்க என்ன திருத்தினாலும் அங்க இருக்கிறது பழசுதான்.

கார்ட் அப் எண்டா நினைச்ச உடனே திரும்ப பில்ட் பண்ணி அனுப்ப ஏலாது, பாங்க்கோட திரும்ப டெஸ்ட் செய்து, அவை ஓகே சொல்லி, பிறகுதான் கடைகளுக்குப் போகும். கிழமைக் கணக்கு. அந்த இடைவெளியில வாற ஒவ்வொரு முறைப்பாட்டையும் ரெண்டு பக்கத்து நம்பரையும் வச்சுக் கையால ஒப்பிட்டு லிஸ்ட் எடுத்து பாங்க்குக்கு அனுப்பினம், நானும் அந்தத் தங்கச்சியும், மெழுகுதிரி வெளிச்சத்திலயும் இருந்து செய்திருக்கிறம். புட்_நம் ஒரு உண்மையான ஃபங்ஷனா லைப்ரரிக்குள்ள இருந்திருந்தா ஒரு ஃபைலோட முடிஞ்சிருக்கும்.

அதுக்குப் பிறகுதான் ஹெடரைத் திறந்து ஒவ்வொரு மேக்ரோவா எடுத்து நிறுத்துப் பாக்கத் தொடங்கினது. முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான், இதையே ஃபங்ஷனா எழுத ஏலுமோ? ஏலும் எண்டா ஃபங்ஷன், கதை முடிஞ்சுது. இது நாங்க கண்டுபிடிச்சதும் இல்லை, வாகனம் மாதிரிப் பாதுகாப்பு முக்கியமான இடங்களுக்கு எழுதின மிஸ்ரா சி 2012 எண்ட விதித் தொகுப்பில டைரெக்டிவ் 4.9 இதையேதான் சொல்லுது. டீம்ல பழைய ஆள் ஒருத்தர், நாங்க எல்லாரும் அண்ணா எண்டுதான் கூப்பிடுறது, "மேக்ரோ வேகம், ஃபங்ஷன் கொல் ஸ்லோ" எண்டு கடுமையா நிண்டார், அவர் தொழில் பழகின காலத்து கொம்பைலருக்கு அது உண்மைதான். ஆனா இன்லைன் எண்டது, ஃபங்ஷன்ட கோடைக் கூப்பிடுற இடத்திலயே வைக்கச் சொல்லுறது, சி99 ஓட ஸ்டாண்டர்டுக்குள்ளயே வந்திட்டுது, இண்டைக்கு கொம்பைலர் சின்ன ஃபங்ஷனைச் சொல்லாமலே உள்ள இழுத்துப் போடும், எல்லாத்துக்கும் மேல எங்கட மெஷின் ஒரு ட்ரான்ஸாக்ஷன்ல செக்கன் கணக்கா பாங்க்கின்ட பதிலுக்குப் பாத்துக்கொண்டு நிக்குது. அண்ணாவே மாத்தி ஓட விட்டு அளந்து பாத்தார், வித்தியாசம் கண்ணில படேல்லை, அதுக்குப் பிறகு முக்கால்வாசியை மாத்தினதே அவர்தான்.

இதில ஒரு இடத்தில கவனம். ஹெடருக்குள்ள ஸ்டாட்டிக் இன்லைன் எண்டு எழுதினா ரெண்டு தர ஓட்டம், டைப் (பெறுமதியின்ட வகை) பாக்காதது எல்லாம் தீரும், ஆனா அந்தக் கோடும் கூப்பிடுறவரின்ட பைனரிக்குள்ளதான் போய்க் குந்தும். பிறகு திருத்த வேண்டி வரலாம் எண்ட எதுவும் ஹெடர்ல இருக்கப்படாது, லைப்ரரிக்குள்ள போகோணும். ஸ்ட்ரக்ட்டுக்குள்ள, அதாவது பல பெறுமதியை ஒண்டாக் கட்டி வைக்கிற பொட்டலத்துக்குள்ள, இருக்கிற ஃபீல்டை நேரா எடுத்துத் தாற மேக்ரோவும் இதே சாதி, அது ஸ்ட்ரக்ட்டின்ட அமைப்பையே, எத்தினையாவது பைட்ல என்ன இருக்கு எண்டதையே அப்புக்குள்ள கொப்பி பண்ணுது, நாளைக்கு நீங்க நடுவில ஒரு ஃபீல்ட் சேர்த்தா பழைய அப் பக்கத்து ஃபீல்டை வாசிக்கும், கொம்பைலர் ஒரு சத்தமும் போடாது. ஓபன்எஸ்எஸ்எல் எண்ட குறியாக்க லைப்ரரி 2016ல 1.1.0 வேர்ஷன்ல கன ஸ்ட்ரக்ட்டை வெளியில தெரியாமப் பூட்டினதும் இந்தச் சுமையை இறக்கத்தான், அதால கனக்க ப்ரொஜெக்ட் உடைஞ்சது, எண்டாலும் அவை செய்தவை.

அதை விட மோசமானது ஸ்ட்ரக்ட்டுக்கு நடுவில இஃப்டெஃப் போடுறது, ஒரு ஃப்ளாக் இருந்தா மட்டும் இந்த வரியைச் சேர் எண்டு சொல்லுறது. லைப்ரரி ஒரு ஃப்ளாக்கோட கொம்பைல் ஆகும், அப் அது இல்லாமக் கொம்பைல் ஆகும், ஒரே பேர்ல ரெண்டு சைஸ். எங்களிட்ட ரெண்டு இடத்தில இருந்தது, நல்ல காலம் வெடிக்க முதல் கண்டம்.

ஃபங்ஷனா மாத்த ஏலாததுகளும் இருக்கு. ஃபைல் பேரும் வரி நம்பரும் கூப்பிடுற இடத்தில இருந்து வேணும் எண்டா மேக்ரோ இல்லாம முடியாது, அதால லொக் மேக்ரோவை வச்சிருக்கிறம், ஆனா அது இப்ப ஒரே வரி, ஃபைலையும் வரியையும் எடுத்து ஒரு உண்மையான ஃபங்ஷனிட்டக் குடுக்கிறது மட்டும்தான் வேலை, மூளை முழுக்க ஃபங்ஷனுக்குள்ள. மேக்ரோவுக்குள்ள வேரியபிள் வைக்க வேண்டி வந்தா பேரில கவனமா இருங்கோ. எங்கட செக் மேக்ரோவுக்குள்ள ஆர்சி எண்டு ஒரு வேரியபிள் இருந்தது, ஒருத்தர் தன்ர ஆர்சியையே அதுக்குள்ள அனுப்ப, "இன்ட் ஆர்சி = ஆர்சி" எண்டு ஆகி உள்ள இருக்கிற புது வேரியபிள் தன்ர குப்பையையே தனக்குப் போட்டுக்கொண்டுது. ஜிசிசி எண்ட கொம்பைலர்ல டபிள்யூஷேடோ வோர்னிங்கைப் போட்டா இதைப் பிடிக்கும், நாங்க இப்ப அது இல்லாம ஒரு பில்டும் எடுக்கிறேல்லை.

இனி நான் மனசார ஆதரிக்கிற மேக்ரோ ஒண்டைப் பற்றி. 8583 மெசேஜில 128 ஃபீல்ட், ஒவ்வொண்டுக்கும் பேர், வகை, நீளம். 4 தொகை, 12 இலக்கம். 39 பதில் கோட், 2 எழுத்து. 2 கார்ட் நம்பர், நீளம் மாறும், 19 வரை. இந்த விபரம் முதல்ல எங்களிட்ட மூண்டு ஃபைல்ல மூண்டு டேபிளா இருந்தது, மெசேஜ் கட்டுறதுக்கு ஒண்டு, பிரிக்கிறதுக்கு ஒண்டு, லொக்ல பேர் எழுத ஒண்டு. ஒருத்தர் ஒரு ஃபீல்டின்ட நீளத்தை ஒரு டேபிள்ல மாத்தி மற்றதில விட்டா, கட்டுறது ஒரு மாதிரி, பிரிக்கிறது வேற மாதிரி, அந்த ஃபீல்டுக்குப் பிறகு வாற எல்லாம் சரிஞ்சு போகும். எக்ஸ் மேக்ரோ எண்ட உத்தி இதுக்கெண்டே செய்த மாதிரி. ஃபீல்ட் எல்லாத்தையும் ஒரே ஒரு லிஸ்ட்டா ஒரு ஃபைல்ல எழுதி, ஒவ்வொரு வரியையும் எக்ஸ் எண்ட மேக்ரோவுக்குள்ள வச்சு, தேவையான இடத்தில எக்ஸுக்கு வேற வேற அர்த்தம் குடுத்து அதே லிஸ்ட்டைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது, ஒரு தரம் எனம் (enum, நம்பர் குடுத்த பேர் வரிசை) ஆகும், ஒரு தரம் நீள டேபிளாகும், ஒரு தரம் பேர் டேபிளாகும். முதல் தரம் பாக்கிறவருக்கு மண்டை காயும், உண்மைதான். ஆனா இது லைப்ரரிக்குள்ளயே இருக்கு, அப் எழுதுறவர் இதைக் காணவே மாட்டார், பிழைச்சா எங்கட ஃபைலை மாத்தினாக் காணும். டீம்ல ஒரு தம்பி இதை இன்னும் நீட்டி, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கெட், செட் ஃபங்ஷனையும் ரெட்டை ஹேஷால (## குறியால) பேர்த் துண்டுகளை ஒட்டி மேக்ரோவே பெத்துத் தாற மாதிரி எழுதிக்கொண்டு வந்தான், அழகான வேலை, கெட்டிக்காரன். நான் வேண்டாம் எண்டன். அப்பிடிப் பிறந்த ஃபங்ஷனின்ட பேர் எந்த ஃபைல்லயும் முழுசா எழுதியிருக்காது, கிரெப் எண்ட தேடுற கருவியைப் போட்டுத் தேடினா வராது, இரவு ஒரு மணிக்கு அந்தப் பேரோட ஒரு எரர் வந்தா பாக்கிறவர் எங்க போவார்? அவன் கொஞ்சம் மனம் நொந்தவன், ஆனா மற்ற நாள் வந்து லிஸ்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இன்டெக்ஸ் குடுத்துக் கூப்பிடுற ரெண்டே ரெண்டு ஃபங்ஷனா மாத்தித் தந்தான், அதுதான் இண்டைக்கும் ஓடுது.

ஒரு மேக்ரோ எவ்வளவு கனம் எண்டு தெரிய வேணும் எண்டா எழுதின வடிவத்தைப் பாக்காதேங்கோ, விரிஞ்ச வடிவத்தைப் பாருங்கோ. ஜிசிசிக்கு மைனஸ் போட்டு பெரிய எழுத்து ஈ குடுத்தா ப்ரீப்ரொசெசர் விரிச்சு முடிஞ்சதை அப்பிடியே துப்பும். லினக்ஸ் எண்ட ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ட கேர்னலிலயே 2024ல ஒரு வரி பிடிபட்டது, சின்னதையும் பெரிசையும் தெரிவு செய்யிற மின் (min), மேக்ஸ் (max) மேக்ரோக்களை ஒண்டுக்குள்ள ஒண்டா வச்சு எழுதின ஒரே ஒரு வரி, விரிச்சுப் பாத்தா 47 எம்பி. டைப் பிழையைப் பிடிக்கவும் ரெண்டு தரம் ஓடாம இருக்கவும் எண்டு நல்ல எண்ணத்தோட வருஷக் கணக்காச் சேர்த்த காவல் எல்லாம் உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள பெருகி அப்பிடி ஆனது, கொம்பைல் நேரம் ஏறினதாலதான் அது கண்டுபிடிபட்டதே, லினக்ஸைத் தொடங்கின டோர்வால்ட்ஸ் அதைச் சுருக்கி எழுத வேண்டி வந்தது. அவ்வளவு கண் பாக்கிற கோட்லயே அப்பிடி.

டீபக் பண்ணேக்கயும், அதாவது ஓட விட்டுப் பிழை தேடேக்கயும், இதே கஷ்டம், இருபது வரி மேக்ரோ எண்டாலும் டீபகருக்கு அது ஒரே வரி, உள்ளுக்க ஒரு பிரேக்பாயின்டும் வைக்க ஏலாது. மைனஸ் ஜி3 எண்டு கொம்பைல் பண்ணினா மேக்ரோ விபரமும் சேர்ந்து போகும், பிறகு ஜிடிபி எண்ட டீபகருக்குள்ள மேக்ரோ எக்ஸ்பேண்ட் எண்டு அடிச்சு விரிச்சுப் பாக்கலாம், சாதாரண ஜி போட்டா அது கிடைக்காது. பைதன்ல டெஸ்ட் எழுதுற ஆக்கள் இருந்தா அவைக்கும் ஒரு விஷயம், பைதன்ல இருந்து சி கோடைக் கூப்பிடுற சிடைப்ஸால லைப்ரரிக்குள்ள இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடலாம், மேக்ரோவைக் கூப்பிட ஏலாது, அங்க அப்பிடி ஒண்டு இல்லவே இல்லை. எங்கட டெஸ்ட் டீம் எங்களுக்கு நன்றி சொன்னது இதுக்குத்தான்.

முடிவெடுக்காமக் கிடக்கிறது ஒண்டு இருக்கு. 55ம் ஃபீல்டுக்குள்ள சிப் கார்ட் தாற விபரம் டேக், நீளம், வேல்யூ எண்டு வரிசையா வரும், அதுக்குள்ள ஒவ்வொண்டாப் போறதுக்கு ஒரு ஃபோர்ஈச் மேக்ரோ. பழையது ரெண்டு ஃபோரை, ரெண்டு லூப்பை, ஒண்டுக்குள்ள ஒண்டா ஒளிச்சு வச்சிருந்தது, ப்ரேக் போட்டா உள் ஃபோர்ல இருந்து மட்டும் வெளியில வந்திட்டு வெளி ஃபோர் தன்ர பாட்டில ஓடும், அதைத் தூக்கியாச்சு. இப்ப இருக்கிறது ஒரே ஒரு ஃபோர், அடுத்ததுக்குப் போற வேலை லைப்ரரிக்குள்ள இருக்கிற ஃபங்ஷன்ல. அண்ணா சொல்லுறார் அந்த மேக்ரோவும் வேண்டாம், அப் எழுதுறவை வைல் எண்ட சாதாரண லூப்பைப் போட்டுத் தாங்களே அந்த ஃபங்ஷனைக் கூப்பிடட்டும் எண்டு. நான் சொல்லுறன், நாலு அப்லயும் நாப்பது இடத்தில கையால எழுதினா எங்கயோ ஒரு இடத்தில அடுத்ததுக்குப் போக மறந்து லூப் நிக்காம ஓடும், நடுக்கடையில மெஷின் உறைஞ்சு போய் நிக்கும். ரெண்டு பேரும் மூண்டு தரம் கதைச்சிட்டம். இப்போதைக்கு மேக்ரோ இருக்கு, பேர் முழுக்கப் பெரிய எழுத்தில, மேல கொமென்ட்ல அது எப்பிடி விரியும் எண்டு முழுசா எழுதி வச்சிருக்கு, அந்தக் கொமென்டை எழுதினது ஒற்றை நம்பரைக் கண்டுபிடிச்ச அதே தங்கச்சி.